பெரம்பலூருக்கு விஏஓவாக வருகிறேன்: ஊர் எப்படி, தாலுகா எப்படி?

பொதிகைச்சாரல்:
எல்லோருக்கும் வணக்கம். குரூப் 4 கலந்தாய்வில் கிராம நிர்வாக அலுவலர் பணி கிடைத்திருக்கிறது. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். என் முறை வந்தபோது எங்கள் மாவட்டத்தில் இடம் இல்லை. திரையில் மிச்சமிருந்ததில் பெரம்பலூரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், சென்னைக்குப் பேருந்தில் போகும்போது தூக்கக் கலக்கத்தில் பெயர்ப்பலகையைப் பார்த்ததோடு சரி, அந்த ஊரில் இறங்கியதே இல்லை. எந்தத் தாலுகா எப்படி இருக்கும், தண்ணீர் உண்டா, ஊருக்கு வந்துபோக ரயில் உண்டா? உள்ளூர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள். எல்லையையும் நிர்வாகத்தையும் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னாலும் நல்லது. சேருவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள ஆசை.

ரஞ்சன்குடி46:
வாழ்த்துகள் தம்பி. முதலில் ரயில் விஷயத்தை முடித்துவிடுகிறேன்: பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்குப் போய் ஏற வேண்டும், சுமார் முப்பது கிலோமீட்டர். தென்காசி வண்டி என்றால் திருச்சிக்கே போய்விடுங்கள். நெடுஞ்சாலை இருப்பதால் பேருந்துக்கு எந்த நேரத்திலும் பஞ்சமில்லை.

மாவட்டம் சின்னது. சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 5,65,223 பேர், தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம். மலை மாவட்டமான நீலகிரியிலேயே எங்களைவிட ஆள் அதிகம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நகராட்சி ஒன்றே ஒன்று, பெரம்பலூர். குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லப்பைக்குடிக்காடு நான்கும் பேரூராட்சிகள். மற்றதெல்லாம் கிராமம்தான்.

மேற்கே பச்சைமலை. வடக்கே வெள்ளாறு, அதைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். கிழக்கே அரியலூர், தெற்கேயும் தென்மேற்கேயும் திருச்சி. மலையடிவாரம் செம்மண், கிழக்கே போகப் போகக் கரிசல். நடுவில் பெரம்பலூர் ஊரை ஒட்டி சென்னை–திருச்சி சாலை. மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கலாம். இந்த வசதி உங்கள் ஊர்ப் பக்கம்கூட இருக்காது.

கரிசல்மண்:
பச்சைமலை இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் குற்றாலம் போல நினைத்து வந்துவிடாதீர்கள். லாடபுரம் பக்கம் மயிலூற்று அருவி இருக்கிறது, மழை பெய்தால் விழும், இல்லையென்றால் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

எங்கள் பக்கம் மானாவாரி. மக்காச்சோளமும் பருத்தியும்தான் பிழைப்பு. வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. செட்டிகுளம், பாடாலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம். வயலோரமாகப் பட்டறை போட்டு வெங்காயத்தை அடுக்கி வைத்திருப்பார்கள், விலை ஏறட்டும் என்று. உங்களுக்கு ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நாளைக்கு அடங்கலில், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டில், என்ன பயிர் என்று எழுதப் போவது நீங்கள்தான். 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளக் குருத்தையெல்லாம் தின்றுவிட்டது. நிவாரணத்துக்கு மனுப் போட்டால், அடங்கலில் என் வயலில் பருத்தி என்று இருக்கிறது. ஆள் வந்து பார்க்காமல் போன வருடத்துப் பயிரையே எழுதிவிட்டார்கள். எந்தக் கிராமம், யார் என்றெல்லாம் வேண்டாம். வரப்பில் இறங்கிப் பார்த்து எழுதுங்கள், அது போதும்.

பொதிகைச்சாரல்:
அண்ணா, கண்டிப்பாக. தாலுகா பெயர்களைப் பார்த்தேன்: பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர். இன்னொரு பட்டியலில் குன்னத்துக்குப் பதில் வேப்பூர் என்று இருக்கிறது. தேடினால் வேப்பூர் கடலூர் மாவட்டம் என்று காட்டுகிறது. குழம்பிவிட்டேன்.

ஓய்வு_ஆர்ஐ:
இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். நான் சொல்கிறேன். முப்பது வருடம் வருவாய்த் துறையில் இருந்து ஆர்ஐயாக, அதாவது வருவாய் ஆய்வாளராக, ஓய்வு பெற்றவன்.

முதல் பட்டியல் வருவாய் வட்டம், அதாவது தாலுகா. இரண்டாவது ஊராட்சி ஒன்றியம். பெரம்பலூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர் மூன்றும் இரண்டு பட்டியலிலும் ஒரே பெயரில் இருக்கும். நான்காவது மட்டும் தாலுகா என்றால் குன்னம், ஒன்றியம் என்றால் வேப்பூர். கடலூர் மாவட்டத்து வேப்பூர் வேறு, அது அதே நெடுஞ்சாலையில் இன்னும் வடக்கே இருக்கிறது, அதுவும் ஒரு தாலுகா. தபால் மாறிப் போன கதையெல்லாம் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். தாலுகாவும் ஒன்றியமும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு காரணத்துக்காகப் போட்ட கோடுகள்.

உங்களுக்கு முக்கியமான கணக்கு இது: மாவட்டத்தில் 152 வருவாய் கிராமங்கள், 11 ஃபிர்கா (ஓர் ஆர்ஐயின் கீழ் வரும் கிராமத் தொகுப்பு). கிராம ஊராட்சிகளோ 121. வருவாய் கிராமம் என்பது நிலத்தின் கணக்கு: புல எண், பட்டா. ஊராட்சி என்பது மக்களின் கணக்கு: குடிநீர், தெருவிளக்கு, வீட்டுவரி. ஒரே ஊராட்சிக்குள் இரண்டு வருவாய் கிராமம் வரும். தெருவிளக்கு எரியவில்லை என்று உங்களிடம் வந்து சத்தம் போடுவார்கள். அது ஊராட்சி வேலை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பட்டாவில் பெயர் தப்பு என்று ஊராட்சித் தலைவரிடம் போவார்கள், அவர் உங்களைக் கைகாட்டுவார். முதல் ஆறு மாதம் இதிலேயே போய்விடும்.

உங்களுக்கு மேலே ஆர்ஐ, மண்டலத் துணை வட்டாட்சியர், தாசில்தார், ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்), டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்), கலெக்டர். கீழே கிராம உதவியாளர் ஒருவர். ஊரில் இன்னும் பழக்கத்தில் தலையாரி என்பார்கள். அவரை விட்டுவிடாதீர்கள். எல்லைக்கல் எந்தப் புதருக்குள் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. இந்த மாவட்டத்துக்கு வருவாய்க் கோட்டம் ஒன்றே ஒன்றுதான். அப்படியென்றால் ஆர்டிஓவின் எல்லையும் டிஆர்ஓவின் எல்லையும் ஒன்றே. இருவரும் இருப்பதும் ஒரே ஊரில். தாசில்தார் உத்தரவு பிடிக்காமல் ஆர்டிஓவிடம் மேல்முறையீடு, அதுவும் பிடிக்காமல் டிஆர்ஓவிடம் சீராய்வு என்று போகிறவர் அதே ஊரில் அதே டீக்கடையில்தான் மூன்று முறையும் டீ குடிக்கிறார். பெரிய மாவட்டத்தில் கோட்டம் என்ற அடுக்குக்கு ஒரு வேலை உண்டு, தூரத்தைக் குறைக்கும். இங்கே அது தூரத்தைக் குறைக்கவில்லை, அடுக்கைத்தான் கூட்டுகிறது.

லாக்குடி_அமீரகம்:
ஐயா சொன்ன டீக்கடையில் நானும் குடித்திருக்கிறேன், அதுவும் மூன்று விடுமுறையாக!

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு, வெள்ளாற்றின் தென்கரை. பாலத்தைத் தாண்டினால் திட்டக்குடி, கடலூர் மாவட்டம். துணி எடுக்க, மருந்து வாங்க, பேருந்து பிடிக்க எல்லாம் திட்டக்குடிதான். ஆனால் சர்டிபிகேட் என்றால் குன்னம், மனு என்றால் பெரம்பலூர். ஆறு காய்ந்து கிடக்கும் மாதங்களில் நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம். கூப்பிடு தூரத்தில் தாலுகா ஆபீஸ் இருக்கிறது, அது எங்களுக்கு இல்லை.

என் தாத்தா பெயரில் இருக்கும் நிலத்துக்கு யூடிஆர் என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பு நடந்த காலத்தில் பட்டாவில் ஒரு எழுத்து மாறிவிட்டது. வளைகுடாவிலிருந்து வருடத்துக்கு ஒரு மாதம் வருகிறேன். முதல் வருடம் இங்கே போ என்றார்கள், இரண்டாம் வருடம் அங்கே போ என்றார்கள், மூன்றாம் வருடம் பழைய ஆவணம் திருச்சியில் இருக்கும், அங்கே கேள் என்றார்கள். மாவட்டம் பிரிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் திருச்சி!

ஓய்வு_ஆர்ஐ:
பாய், யூடிஆர் பிழை டிஆர்ஓ வரைக்கும் போகிற விஷயம். சிக்கல் உங்கள் தப்பில்லை. திருச்சி என்று சொன்னது பாதி உண்மையாகவும் இருக்கலாம். இந்த மாவட்டத்துக் காகிதங்கள் எவ்வளவு அலைந்தன என்று தெரிந்தால் ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

1995 வரை நாம் திருச்சி மாவட்டம். அந்த வருடம் திருச்சியை மூன்றாகப் பிரித்துக் கரூரும் பெரம்பலூரும் வந்தன. அப்போது இந்த மாவட்டத்தின் பெயர் பெரம்பலூர் மட்டுமில்லை, திருவள்ளுவர் பெயரும் சேர்ந்திருந்தது. கரூருக்குத் தீரன் சின்னமலை. 1997-ல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களையெல்லாம் எடுத்தபோது அதுவும் போயிற்று. ரப்பர் ஸ்டாம்பு புதிதாகச் செய்தோம்.

2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டம். கோப்புக் கட்டுகளை லாரியில் ஏற்றி அனுப்பினோம். 2002 மார்ச் 31 அன்று அந்த மாவட்டத்தைக் கலைத்து மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள், சிக்கனம் காரணம். போன கட்டுகள் திரும்பி வந்தன. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் அரியலூர் மாவட்டம். மறுபடியும் லாரி.

ஒரு கட்டு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. காக்கி அட்டை. மேலே திருச்சிராப்பள்ளி என்று அச்சு. அதை அடித்துவிட்டு மையில் பெரம்பலூர். அதை அடித்து அரியலூர். அதை அடித்துப் பெரம்பலூர். கடைசியாக எழுத இடமில்லாமல் ஓரத்தில் சின்ன எழுத்தில் அரியலூர். உள்ளே இருந்தது ஒரு வாய்க்கால் புறம்போக்கு ஆக்கிரமிப்பு. வாய்க்கால் இருந்த இடத்திலேயே இருந்தது, அதாவது அதில் மிச்சம் இருந்தது.

கொள்ளிடக்கரை:
ஐயாவின் அட்டைக் கதை அருமை. ஆனால் சிக்கனம் என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள், அதில் எங்களுக்கு வலி இருக்கிறது. நான் திருமானூர்ப் பக்கம்.

2002 முதல் 2007 வரை நாங்கள் பெரம்பலூருக்கு வந்து போனவர்கள். ஜெயங்கொண்டம், தா.பழூர், மீன்சுருட்டி ஆட்களை நினைத்துப் பாருங்கள். கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம் பக்கம், கல்யாணச் சாமான் வாங்குவதெல்லாம் அங்கேதான். அவர்கள் ஒரு மனுக் கொடுக்க அறுபது எழுபது கிலோமீட்டர் எதிர்த் திசையில் பெரம்பலூருக்குப் போனார்கள். அரியலூரில் இறங்கி இன்னொரு பேருந்து. வேலை முடியாவிட்டால் அடுத்த திங்களும் அதே பாடு. ரஞ்சன்குடி அண்ணன் சொன்ன ஒரு மணி நேரக் கணக்கு பெரம்பலூரை நடுவில் வைத்துக்கொண்டு போட்டது.

நிலமும் வேறு. நீங்கள் மானாவாரி. எங்கள் திருமானூர் கொள்ளிடக்கரை நஞ்சை. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலையும். ஒரே கலெக்டர் காலையில் கொள்ளிடம் வெள்ளம், மாலையில் பெரம்பலூர்ப் பக்கம் குடிநீர்ப் பஞ்சம் என்று ஓடினார்.

அப்புறம் ஒரு தற்செயல். 1956-ல் அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினாரே, அந்த நாளும் நவம்பர் 23. மாவட்டம் திரும்பக் கிடைத்த அதே தேதி. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அந்த மருதையாறு உங்கள் பச்சைமலையில் பிறந்துதான் எங்கள் வழியாகக் கொள்ளிடம் போகிறது. ஆற்றைப் பிரிக்க முடியவில்லை, பாருங்கள்.

ரஞ்சன்குடி46:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களைப் பிரித்ததால் நாங்கள் இளைத்துவிட்டோம் என்பதையும் பாருங்கள். உங்களுக்கு ஏழரை லட்சம் பேர், இரண்டு நகராட்சி, இரண்டு கோட்டம், ரயில் நிலையம், 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்துவிட்டார்கள். எங்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. 1995-ல் தலைமையிடம் என்று பெயர் வாங்கிய ஊர் நாங்கள். சிறிய மாவட்டம் என்றால் எதைக் கேட்டாலும் உங்கள் மக்கள்தொகைக்கு இது அதிகம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

கரிசல்மண்:
நீங்கள் இரண்டு பேரும் கலெக்டரைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். எம்பி கணக்கைப் பாருங்கள், சிரிப்பு வரும்.

பெரம்பலூர் மக்களவைத் தொகுதி என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். அவற்றில் பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது பெரம்பலூர் மட்டும்தான். துறையூர், முசிறி, மண்ணச்சநல்லூர், லால்குடி நான்கும் திருச்சி மாவட்டம். குளித்தலை காவிரிக்குத் தெற்கே, கரூர் மாவட்டம். எங்கள் மாவட்டத்தின் இன்னொரு சட்டமன்றத் தொகுதியான குன்னம் சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்குப் போய்விட்டது. ஆகவே எனக்குக் கலெக்டர் பெரம்பலூரில், எம்பி சிதம்பரத்துக்கு. அவர் தொகுதியின் ஒரு முனையில் பிச்சாவரம் அலையாத்திக் காடு, மறுமுனையில் என் மக்காச்சோளக் காடு. இரண்டுக்கும் ஒரே ஆள் பேச வேண்டும். அதோடு குன்னம் சட்டமன்றத் தொகுதியில் அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பக்கக் கிராமங்களும் உண்டு. மாவட்டத்தைப் பிரித்தவர் ஒரு கோடு போட்டார், தொகுதியைப் பிரித்தவர் அதைப் பார்க்காமலே இன்னொரு கோடு போட்டார்.

பொதிகைச்சாரல்:
படித்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. ஒரு சந்தேகம். குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்தது என்று வாட்ஸ்அப்பில் படித்த ஞாபகம். உண்மையா?

ரஞ்சன்குடி46:
2020-ல் குன்னத்தில் குளத்து மண்ணில் உருண்டை உருண்டையாகக் கிடைத்தது. ஊரே திரண்டு செல்ஃபி எடுத்தது. ஆராய்ச்சியாளர்கள் பார்த்துவிட்டு, முட்டையில்லை, கடல் உயிரி அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய படிவம் என்றார்கள். ஆனால் ஆசைப்பட்டதில் தப்பில்லை. பக்கத்துச் செந்துறையில் 2009-ல் நிஜமாகவே டைனோசர் முட்டைப் படிவங்கள் கிடைத்திருக்கின்றன. இந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் கடல். காரை பக்கம் போனால் மழை அரித்த களிமண் மேடுகள், நடந்தால் காலில் கிளிஞ்சல் படிவம் இடறும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் மரம் ஒன்று கல்லாகவே படுத்திருக்கிறது. அதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். நாலு பக்கமும் கம்பி போட்டிருப்பார்கள், பெரும்பாலும் உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். கலெக்டரின் குறைதீர் கூட்டமும் திங்கள்தான். எங்கள் ஊரில் பலர் காலையில் காளியிடம் ஒரு மனு, அப்புறம் பாலக்கரையில் இறங்கிக் கலெக்டரிடம் ஒரு மனு என்று ஒரே பேருந்துச் செலவில் முடித்துக்கொள்வார்கள்.

கொள்ளிடக்கரை:
எது சீக்கிரம் முடிகிறது?

ரஞ்சன்குடி46:
காளி ரசீது தருவதில்லை. அதனால் ஒப்பிட முடியவில்லை.

லாக்குடி_அமீரகம்:
🙂 ரசீது என்னிடம் மூன்று இருக்கிறது.

ஓய்வு_ஆர்ஐ:
கொள்ளிடக்கரைத் தம்பிக்கு ஒரு பதில் பாக்கி. அரியலூர் பிரிந்தது நியாயம்தான், நானே அந்த லாரியில் கட்டு ஏற்றினாலும் அதை மறுக்க மாட்டேன். பெரம்பலூர் சிறிதாக இருப்பதும் குறையில்லை. என் வருத்தம் வேறு. மாவட்டம் என்று கோடு போட்டார்களே தவிர எல்லாவற்றையும் அந்தக் கோட்டுக்கு ஏற்ப மாற்றவில்லை. விவசாயிக்குக் கடன் தருகிற மத்தியக் கூட்டுறவு வங்கி இன்றும் திருச்சி பெயரில்தான். போலீஸ் சரகம் திருச்சி. எம்பி கணக்கைக் கரிசல்மண் சொல்லிவிட்டார். ஒரு விவசாயியின் வாழ்க்கையில் நான்கு வரைபடம் இருக்கிறது, நான்கிலும் அவர் வேறு வேறு ஊர்க்காரர். கும்பகோணத்தைப் பிரி, அதைப் பிரி, இதைப் பிரி என்று போராடுகிறவர்கள் இதை முதலில் கேட்க வேண்டும்: கலெக்டர் ஆபீஸ் கட்டடம் வந்த பிறகு மற்ற காகிதங்கள் எப்போது வரும்?

லாக்குடி பாய், உங்கள் புல எண், உட்பிரிவு, பழைய பட்டா எண், தாத்தா பெயர் எழுதப்பட்ட விதம் நான்கையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த ஜமாபந்திக்கு, அதாவது வருடாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கைக்கு, யாரையாவது அனுப்புங்கள். பசலி என்ற வருவாய் ஆண்டு முடிவதற்கு முன்னால், பெரும்பாலும் மே ஜூனில் நடக்கும். அன்றைக்குக் கிராமக் கணக்கு எல்லாம் மேசைமேல் இருக்கும், சம்பந்தப்பட்ட எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள். வேறு எங்கோ கேள் என்று சொல்வது அன்றைக்குக் கொஞ்சம் கடினம்.

பொதிகைச்சாரல் (நான்கு மாதம் கழித்து):
வணக்கம். இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். சேர்ந்துவிட்டேன். குன்னம் தாலுகாவில் ஒரு கிராமம், கரிசல். முதல் மழையில் பைக் சக்கரத்தில் மண் அப்பி, வண்டியைத் தள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் அரை மணி நேரம் நின்றேன். தலையாரி அண்ணன் ஒரு குச்சியை எடுத்து மண்ணை நோண்டிக்கொண்டே, இந்த மண்ணுக்கு நடைதான் சார் சரி என்றார். பயிராய்வுக்கு இப்போது நடந்துதான் போகிறேன். கரிசல்மண் அண்ணா, வரப்பில் இறங்கித்தான் எழுதுகிறேன். மக்காச்சோளம் என் உயரத்துக்கு மேல் நிற்கிறது, உள்ளே போனால் திசை தெரியவில்லை.

டீக்கடையில் ஒரு பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். தென்காசி மாவட்டம் என்றேன். அது திருநெல்வேலி மாவட்டம்தானே என்றார். 2019-ல் பிரித்துவிட்டார்கள் என்றேன். அப்படியா, சேர்த்துவிட மாட்டார்களே என்று அக்கறையாகக் கேட்டார். இந்த ஊரில் அது நியாயமான கேள்வி என்று எனக்குப் புரிந்தது.

இன்னொன்று. அலுவலக பீரோவில் பழைய பதிவேடு ஒன்றின் அட்டை கிழிந்து தொங்குகிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டம், பெரம்பலூர் தாலுகா என்று மங்கலாகத் தெரிகிறது. புது அட்டை போட்டு ஒட்டப் போகிறேன். மேலே மாவட்டம், தாலுகா பெயரெல்லாம் எழுத வேண்டும். ஆர்ஐ ஐயா, இதற்கு ஏதாவது முறை இருக்கிறதா?

ஓய்வு_ஆர்ஐ:
கிராமத்தின் பெயரை மையில் எழுதுங்கள். மாவட்டத்தைப் பென்சிலில் எழுதினால் போதும்.